நன்றி சொல்லாமல் போனவன்

மொந்தேவிதேயோவில் இரவு இரண்டு மணி.
துறைமுகப் பக்கத்துச் சன்னலில்
உப்புக் காற்றோடு ஒரு கப்பலின் ஊதல்.
பேருந்துச் சீட்டு விற்கும் எங்கள் சேவையகம்
சாயங்காலத்திலிருந்து
விழுங்குகிறது, விழுங்குகிறது,
செரிக்க மட்டும் மறந்துபோய்.

வாஷிங்டன் மாத்தே ஊற்றுகிறான்.
(வாஷிங்டன் இங்கே மனிதப் பெயர்தான்.
வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு விளக்கி விளக்கி
அலுத்துவிட்டது அவனுக்கு.)
ஒரே குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல், நாங்கள் நால்வர்.
குடித்தவர் அவனிடமே திருப்பித் தர வேண்டும்.
வெந்நீர் நிரப்பி அடுத்தவருக்கு நீட்டுவான்.
"பூட்டு எதற்கு?" என்கிறான்.
"ஒரு நேரத்தில் ஒரு கை. சேனல் என்றால் இவ்வளவுதான்."

நீபியாவுக்கு வேறு வழக்கு.
"பிழை ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்த இடத்தில்
பிழை இருக்கிறது என்கிறது.
வெறுமையை அனுப்பினால்
வெறுமைதானே போய்ச் சேர வேண்டும்?"

ஹிமேனா மேசையிலிருந்த அல்ஃபஹோர் பெட்டியைத் தூக்கினாள்.
உள்ளே ஒரு துகள்கூட இல்லை.
மூடியில் மட்டும் தடித்த எழுத்தில் கடையின் பெயர்.
"காலியா?"
"காலி."
"பெட்டியே இல்லாததும் இதுவும் ஒன்றா?"
நீபியா அதை வாங்கி
காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

பேச்சு தேதிக்குத் தாவியது. அது என் அவமானம்.
தேதியை எப்படி அச்சிட வேண்டும் என்று கோவுக்குச் சொல்ல
ஒரு மாதிரித் தேதி காட்ட வேண்டும்:
மாதம் ஒன்று, நாள் இரண்டு, மணி மூன்று,
நிமிடம் நான்கு, நொடி ஐந்து, ஆண்டு ஆறு.
மாதத்தை முன்னால் வைக்கிற வடக்கத்திக்காரர்கள் எண்ணியது.
நாங்கள் நாளை முன்னால் வைப்பவர்கள்.
ஒன்றையும் இரண்டையும் நான் இடம் மாற்ற மறந்த வாரம்
மார்ச் ஐந்துக்கு வாங்கிய சீட்டு
மே மூன்று என்று கையில் கிடைத்தது.
த்ரெஸ் க்ரூசெஸ் நிலையத்தில், இருபத்திரண்டாம் மேடையில்,
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கை ஏந்தி ஒருவன் நின்றான்.
ஓட்டுநர் ஏற்றவில்லை.
தக்குவாரெம்போவுக்கு ஐந்து மணி நேரப் பயணம். கோடை வேறு.
என் சோதனைகள் எல்லாம் அன்றைக்கும் பச்சை.
சோதனைக்கு நான் போட்ட தேதி
ஏழாம் மாதம் ஏழாம் நாள்.

மூன்றரைக்கு ஹிமேனா கண்டுபிடித்தாள்.
எண்பத்தோராயிரம் கோருட்டீன்கள்.
ஒவ்வொன்றும் ஒரு சேனலின் வாயில் காத்து நிற்கிறது.
அனுப்ப வேண்டியவன் நேரம் கடந்து போய்விட்டான்,
போகும்போது மூடவில்லை.
"முட்டுக்கட்டை என்று கத்தியிருக்க வேண்டாமா?"
"எல்லோரும் உறைந்தால்தான் கத்தும்.
ஒரே ஒருவர் நடமாடினாலும் போதும்,
வீட்டில் எல்லாரும் சுகம் என்று நினைத்துக்கொள்ளும்."

எழுதியவர் பெயரை வாஷிங்டன் தேடினான்.
இஸ்மாயேல்.

இங்கே ஒரு வழக்கம்.
குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொல்லக்கூடாது.
சொன்னால், எனக்குப் போதும் என்று பொருள்.
அடுத்த சுற்றில் உன்னைத் தாண்டிப் போய்விடும்.
டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
இஸ்மாயேல் எப்போதும்போலக் குடித்தான்,
எப்போதும்போல ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தான்,
திங்கட்கிழமை வரவில்லை.
இரண்டு வாரம் வாஷிங்டன்
ஐந்தாவது ஆளுக்கும் சேர்த்தே வெந்நீர் வைத்தான்.

ஒரு வரி போதுமாக இருந்தது.
எப்படி வெளியேறினாலும் சாத்திவிட்டுப் போ என்கிற வரி.
மூடிய சேனலிலிருந்து பூஜ்யம்தான் வரும்;
நிற்பவர் அதை வாங்கிக்கொண்டாவது
கிளம்பிவிடலாம்.

திரையில் கோடு இறங்கத் தொடங்கியது.
எண்பதாயிரம், நாற்பது, ஒன்பது,
பிறகு நூற்றுச் சொச்சம்.
யாரும் கைதட்டவில்லை.

ஹிமேனா குடுக்கையை நீட்டினாள்.
"நன்றி" என்றாள்.
மூவரும் அவளைப் பார்த்தோம்.
"ஒன்றுமில்லை," என்றாள், "தூக்கம்."