தலை எண்ணுகிறவள்

இரண்டு மணிக்கு, முவைலா பள்ளி வாசல்.
நாற்பத்திரண்டு டிகிரி.
தலைகளை எண்ணுகிறேன். முப்பத்தொன்று.
கதவைச் சாத்தலாம், காசிம் பாய்.

போன வருஷம் வரை எழிலன்
ஒரே நிறுத்தக்காரன்.
அபு ஷகாரா, மருந்துக்கடை.
பஸ் வளையும் முன்பே எழுந்து நின்று
என்னிடம் திட்டு வாங்குவான்.

விடுமுறை முடிந்து வந்தபோது
அவன் அட்டையில் இரண்டு எண்கள்.
திங்கள், செவ்வாய் அம்மா.
புதன், வியாழன் அப்பா: அல் நஹ்தா,
கீழே சலூன் உள்ள கட்டடம்.
ஆபீசில் கேட்டதற்கு
ரூட் மாற்றம் என்றார்கள்.
ரூட் மாற்றம்தான்.

முதல் வாரம் தினமும் கேட்டான்,
"ஆன்ட்டி, இன்னைக்கு எங்க?"
பிறகு கேட்பதை விட்டான்.
பையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியுமாம்.
புதன்கிழமைப் பை கனக்கும்:
இரவு உடுப்பு, இன்ஹேலர்,
ஒரு காலுறை. மற்றது எப்போதும்
இன்னொரு வீட்டில்.

"உனக்கு ரெண்டு வீடா? ஸ்விம்மிங் பூல் இருக்கா?"
பக்கத்து சீட் ரித்விகா.
"ஒண்ணுல இருக்கு."
"லக்கி," என்றாள்.
அவன் ஜன்னல் திரையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமையும் பஸ்
அபு ஷகாரா வழியாகத்தான் போயாக வேண்டும்.
மருந்துக்கடை தெரிந்ததும்
ஷூ லேஸ் கட்டக் குனிவான்.
அவன் ஷூவில் லேஸ் கிடையாது, ஒட்டுப் பட்டை.
நான் எண்ணுகிறேன்.
ஒரு தலை குறைகிறது.

மூன்றாம் மாடி பால்கனியில்
துணி ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது.
அவன் அம்மா அந்நேரம் தேராவில்
பல் டாக்டரிடம் வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பாள்.
யாரும் பாக்கலடா, என்றேன்.
குனிந்தபடியே சொன்னான்:
"நான் சிரிச்சிட்டுப் போறதப் பாத்தா
அம்மா என்ன நினைப்பாங்க?"
ஏழு வயது.
அவன் சிரித்துக்கொண்டும் இல்லை.

எனக்கும் ஒருவன் இருக்கிறான்.
அதை இங்கே சொல்லப்போவதில்லை.

நேற்று சிக்னல் கெட்டுப்போய்
மருந்துக்கடை முன்னாலேயே ஆறு நிமிஷம்.
அவன் நிமிரவில்லை.
ரித்விகா என்ன நினைத்தாளோ, அவளும் குனிந்தாள்.
பின்சீட்டு இரட்டையர் குனிந்தார்கள்.
கேஜி வாண்டு ஒன்று சீட்டுக்கடியிலேயே போய்விட்டது.
காசிம் பாய் கண்ணாடியில் பார்த்து
பதறித் திரும்பினார்:
ஒரு தலைகூட இல்லை.
பஸ் முழுக்க அடக்கிய சிரிப்பு,
ஏசி இரைச்சல்.

வண்டி நகர்ந்ததும் ஒவ்வொன்றாய் முளைத்தார்கள்.
அவன் கடைசியில்.
முகம் சிவந்து,
ஏதோ ஜெயித்தவன் மாதிரி.

அல் நஹ்தாவில் இறங்கும்போது
தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டான்.
ஓடிப்போய் நீட்டினேன்.
வாங்கித் திருப்பிப் பார்த்த அப்பா
அவனிடம் கேட்டார்:
"இது எந்த வீட்டுது?"

அவன் என்னைப் பார்த்தான்.