செக்

வேலம்பாளையம் பேங்க்கில் என் டோக்கன் நாற்பத்தேழு.
இப்போது பதினெட்டு.
மடியில் திரும்பி வந்த செக், இரண்டாம் தடவை.
'பணம் போதவில்லை' என்று
குண்டூசி குத்திய துண்டுச் சீட்டு.
கையெழுத்து மட்டும்
கொம்பு முளைத்துக் கம்பீரமாக நிற்கிறது.

பொழுது போகாமல் போனில் தேடினேன்,
இந்தச் சொல் எந்த ஊர்க்காரன் என்று.

பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசனாம்.
சதுரங்கத்தில் காயை நகர்த்தி வைத்து
'ஷா' என்றால்,
உன் அரசனைப் பார்த்துக்கொள் என்று பொருளாம்.
அந்தச் சத்தம் மேற்கே போயிருக்கிறது.
பிரெஞ்சுக்காரன் மென்று கொடுத்ததை
இங்கிலீஷ்காரன் கடித்து
செக் ஆக்கினான்:
தடு. நிறுத்து. சரிபார்.
பலகையின் கட்டம் துணியில் இறங்கியது
(மேனேஜர் சட்டையில் இருக்கிறது, நீலமும் வெள்ளையும்).
கட்டம் போட்ட விரிப்பில் காசு எண்ணினார்கள்,
கஜானாவுக்கே அந்தப் பெயர் ஒட்டியது.
கடைசியில் இந்தக் காகிதத்தில் வந்து
படுத்துக்கொண்டது.

இருபத்தொன்று.

முத்தூரில் தேங்காய்ப் பருப்பு ஆட்டும் செக்குக்கும் இதற்கும்
ஒட்டில்லை, உறவில்லை.
மூன்று மாதமாக
அந்தக் கம்பெனி வாசலைச் சுற்றிவரும் என்னிடம்
அதைச் சொல்லாதீர்கள்.

ஆறு மிஷின் என் யூனிட்டில்.
கடைசி மேசையில், ட்யூப்லைட்டுக்குக் கீழே
வசந்தாமணி. செக்கிங்.
கழுத்து, கை, அடி மடிப்பு,
உள்ளே வெளியே புரட்டி
பனியனை வெளிச்சத்தில் பிடிப்பாள்.
ஓட்டை, விட்ட தையல், எண்ணெய்க் கறை
எது இருந்தாலும்
பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
போன மாதம் முப்பத்தொரு பீஸ் தள்ளிவிட்டாள்.
'கடுகளவு கறைதானே புள்ள' என்றேன்.
'கண்ணுக்குத் தெரியுதல்லங்,
அப்பறம் என்னங்' என்றாள்.

சனிக்கிழமை கூலி நாள்.
பெட்டியில் ரூபாய் இல்லை.
மற்றவர்களிடம் திங்கள் என்று சொன்ன வாயால்
அவளிடம் சொல்ல முடியாமல்
செக்கை எடுத்துக் காட்டினேன்,
பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சியாக.

வாங்கினாள்.
முன்னும் பின்னும் புரட்டினாள்.
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
ஒன்றும் பேசாமல்
ஒரு சிவப்பு அம்பை உரித்து
அந்தக் கையெழுத்தைப் பார்த்து ஒட்டினாள்.
டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு
பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நாற்பத்தேழு.

கட்டம் போட்ட சட்டை குனிந்து பார்க்கிறது.
'என்னங்க இது, அம்பு?'

'செக்கிங்ல போட்டதுங்க' என்கிறேன்.
அவர் நகத்தால் சுரண்டுகிறார்.
வரமாட்டேன் என்கிறது.