நட்சத்திரம் காயவில்லை

ஓட்டுநர் பெயருக்குக் கீழே
நாலு விரற்கடை நீளம், மூன்று விரற்கடை அகலம்.
என் மேசையில் ஒரு நாட்டின் பரப்பளவு அவ்வளவுதான்.
வினைல் தாளைக் கத்தியால் கீறி, ஒட்டி,
குமிழி தங்காமல் கட்டைவிரலால் நீவிவிட வேண்டும்.
ஃப்ராங்கோர்ஷாம் பந்தயத்துக்கு வருடாவருடம் என் வேலை இது.
பிரேசில் சண்டித்தனம் செய்யும், அத்தனை சில்லறை.
ஜப்பான் ஒரே சுற்று.
இத்தாலி கண்ணை மூடிக்கொண்டு வரும்.

அந்த ஆகஸ்டில் வோய்கோ ஃபுர்லான் வந்தான்,
ஒரு கையில் ஆப்பிள், ஒரு கையில் உரிமம்.
உரிமத்தில் யூகோஸ்லாவியா:
நீலம், வெள்ளை, சிவப்பு, நடுவே சிவப்பு நட்சத்திரம்.
ஜூனில் அவன் ஊர் தன்னைத் தனி நாடு என்றது.
ஜூலையில், மூன்று மாதம் பொறுங்கள் என்றார்கள்.
பொறுக்கச் சொன்ன மாதங்களுக்கு நடுவே
எரிபொருள் நிரப்பி நின்றது அவன் கார்.

"அண்ணன் எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிறான், மேடம்.
என் கியர்பெட்டியைப் பூட்டுகிறவன் பெல்கிராடுக்காரன்.
ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்."

மூன்று பட்டைகளையும் மேசையில் போட்டுப் பார்த்தோம்.
வெள்ளையை மேலே ஏற்றினால் அவன் ஊர்.
உள்ளதை அப்படியே கவிழ்த்தால் ஹாலந்து.
செங்குத்தாக நிறுத்தினால் பிரான்ஸ்.
"அதையே ஒட்டுங்கள், விளம்பரதாரர் கிடைப்பார்"
என்று சிரித்தான், ஆப்பிளைக் கடிக்க மறந்து.

என் அப்பா மால்மெடியில் பிறந்தபோது பிரஷ்யர்.
எட்டு வயதில் பெல்ஜியர்.
இருபத்தெட்டில் ஜெர்மானியர்.
முப்பத்திரண்டில், மன்னிக்கவும், மறுபடி பெல்ஜியர்.
தெருவை விட்டு ஓரடி நகரவில்லை மனிதர்.
ஓட்டியது ரொட்டி வண்டி.
முதல் இறக்கத்தின் அடியில் செந்நீராய் ஓடுகிறதே ஓடை,
அதுதான் அன்றைக்கு எல்லை.
அங்கிருந்த கொண்டை வளைவுக்குப் பழைய சுங்கச்சாவடி என்று பேர்.
சாவடி போயிற்று, பிறகு வளைவும் போயிற்று.
இப்போது கண்ணிமைக்கும் முன் ஓடையைத் தாண்டுகிறார்கள்,
அடிவயிறு தார்ச்சாலையில் உரசிப் பொறி பறக்க.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
தகுதிச் சுற்றுக்கு மணி அடித்துவிட்டது.

நட்சத்திரத்தை விட்டுவிட்டு மூன்று பட்டையை மட்டும் ஒட்டினேன்.
கோட்டுப் போட்ட ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.
"நடுவில் ஒன்று குறைகிறதே?"
"பசை காயவில்லை, ஐயா."
வினைலுக்குக் காய்வதற்கு ஒன்றுமில்லை.
அது தெரியாத கோட்டு அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மழை தன் புத்தியைக் காட்டியது:
மேட்டில் கொட்டு, பள்ளத்தில் வெயில்.
நாற்பத்து மூன்று சுற்று முடிந்தபோது வோய்கோ மூன்றாவது.
மேடைக்குப் பின்னால் கொடிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு
ஒருவன் என்னைப் பார்த்தான்.
நான் மழையைப் பார்த்தேன்.

கடைசித் திருப்பத்தில் ஒரு கார் அவனை முந்தியது.

நான்காம் இடத்துக்குக் கொடி இல்லை.
மூன்று புள்ளி உண்டு, குளிர்ந்த சூப் உண்டு.
மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.
பெல்கிராடுக்காரன் சக்கரங்களைக் கழற்றினான்,
ஒவ்வொன்றிலும் ஊரார் டயர்களின் ரப்பர்
அட்டைப்பூச்சிபோல் அப்பியிருந்தது.
கால் தளர்ந்ததா, தளர்த்தினாயா என்று
யாரும் வோய்கோவைக் கேட்கவில்லை.
நானும்தான்.

மறுநாள் பிரெஞ்சுப் பத்திரிகை அவனை ஸ்லோவேனியன் என்றது.
ஃப்ளெமிஷ் பத்திரிகை யூகோஸ்லாவியன் என்றது.
எங்கள் பக்கத்து ஜெர்மன் தாள்
பெயரைப் போட்டு, அடைப்புக்குறியைத் திறந்து,
உள்ளே எதுவும் போடாமல் மூடியிருந்தது.

இரவு பாத்திரம் கழுவும்போதுதான் பார்த்தேன்,
என் முழங்கையில் ஒட்டியிருந்தது நட்சத்திரம்.
நான்கு நாளாக எனக்கே தெரியாமல்
என்னென்ன எல்லை தாண்டியதோ.
உரித்தபோது இரண்டு ரோமம் வந்தது.
எறிய மனமில்லை, ஒட்டவும் இடமில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது இன்னும்,
மின் கட்டணச் சீட்டு விழாமல் பிடித்துக்கொண்டு.