வடக்கு பார்த்த கற்கள்

படகு பதினொன்றே காலுக்கு.
இன்னும் ஒன்பது கற்கள் பாக்கி.

"பான்கேக் என்று சொல்லித்தானே கூட்டி வந்தாய்"
என்கிறான் யெல்லே.
ஆறு வயது. ஒரு செருப்பை
முந்தாநாளே வடகடலுக்குக் கொடுத்துவிட்டவன்.
அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.
வாடகைச் சைக்கிள்கள் நான்கும்
கல்லறைத் தோட்டத்து வேலியில் சாய்ந்து நிற்கின்றன,
கூடைகளில் ஈரத் துண்டு, வாளி, பாதி தின்ற ரொட்டி.

நான் க்ரோனிங்கனில் பேருந்து ஓட்டுகிறேன்.
சரித்திரம் படித்தவன் இல்லை.
மனிடோபாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
அம்மாவின் தம்பி. ஸ்டாட்னிக்.
எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தீவைப் பார்த்ததில்லை,
இனி என்னாலும் முடியாது, முழங்கால் விடாது.
பூ வைத்து எடுக்க வேண்டாம்.
எப்படி இருக்கிறதோ அப்படியே.

அவருக்கு ஒன்று எடுக்கப் போனால்
பக்கத்துக் கல்லை எப்படி விடுவது?
நீன்கெ பெஞ்சில் உட்கார்ந்து
படகு அட்டவணையை வாசிக்கிறாள்,
என் காதில் விழும்படி.

வடக்கு பார்த்த கல்லில் எழுத்து எடுபடாது.
வெயில் முதுகில் விழும், முகம் இருட்டாகவே இருக்கும்.
கோடையில் இரவு ஒன்பது மணிக்குத்தான்
சூரியன் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரும்;
அதற்குள் கடைசிப் படகு போயிருக்கும்.

வழி கண்டுபிடித்தவள் சீட்ஸ்கெ.
வாடகை வீட்டு அடுப்பிலிருந்து
கேக் தட்டை உருவி எடுத்து வந்தாள்.
எதிரே நின்று சாய்த்துப் பிடித்தால்
ஒளி பக்கவாட்டில் வழிந்து
குழிந்து கிடந்த எழுத்துகள் எழுந்து நிற்கின்றன.
சார்ஜென்ட். வால்பக்கத் துப்பாக்கிக்காரர். வயது பத்தொன்பது.

தட்டு லேசாக ஆடியது.
வெளிச்சம் அவன் பெயரை விட்டு வழுக்கிப்
புல்லில் விழுந்தது.
"ஆட்டாமல் பிடி" என்றேன்.
பிடித்தாள்.
அவளுக்குப் பதினாறு.

நான்கு கற்கள் மட்டும் இடைவெளியே இல்லாமல்
தோளோடு தோள் இடித்து நிற்கின்றன.
"இவர்கள் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டு?"
யாருடையது எது என்று
பிரிக்க முடியாமல் போனதை
யெல்லேயிடம் எந்தச் சொல்லில் சொல்வது.
"ஒரே விமானத்தில் வந்தவர்கள்" என்றேன்.
"நம் கார் பின்சீட் மாதிரியா?"
"ஆமாம்."
"அப்போது ஜன்னல் பக்கம் யார்?"

ஸ்டாட்னிக்கின் கல்லில் கடற்காக்கை எச்சம்.
நான் பையில் துணி தேடுவதற்குள்
நீன்கெ எழுந்து வந்தாள்.
குளித்த துண்டால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள்,
சாப்பாட்டு மேசையைத் துடைக்கிற வேகத்தில்.
பிறகு வேகம் குறைந்தது.
ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும்
துணி சுற்றிய விரலை விட்டு எடுத்தாள்.
"என்ன பெயர் இது, உக்ரைன்காரர்களா?"
"இருக்கலாம்."
திரும்பப் போய் உட்கார்ந்தாள்.
அட்டவணையைத் திறக்கவில்லை.

ஒன்பதும் முடித்து லென்ஸை மூடும்போது
சீட்ஸ்கெ பக்கத்தில் இல்லை.
பின்வரிசையில் நிற்கிறாள், பைன் மரத்தடியில்,
தட்டோடு.
அங்கே ஜெர்மன் விமானிகள். குட்டையான, பாசி பிடித்த கற்கள்.
"அவை வேண்டாம், யாரும் கேட்கவில்லை."

பதில் இல்லை.
தட்டு சாய்ந்தபடியே இருந்தது.
இந்த முறை வெளிச்சம் ஆடவில்லை.
நான் மறுபடி மூடியைக் கழற்றும்வரை
ஆடவில்லை.

பின்வரிசை முழுவதும் எடுத்தோம். பதினொன்று.
ஏழாவதில் படகின் சங்கு கேட்டது.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
யெல்லே மட்டும்,
"இப்போது பான்கேக்கா?"

மனிடோபாவுக்குப் போன படத்தின்
இடது மூலையில்
செருப்பில்லாத ஒரு சின்னக் கால்.
வெட்டிவிடலாம் என்று
இரண்டு நாள் வைத்திருந்தேன். வெட்டவில்லை.

வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்:
கேக் தட்டு ஒன்று, ஏழு யூரோ ஐம்பது.
எங்கே விட்டோம் என்று சீட்ஸ்கெவுக்குத் தெரியும்.
இரவு ஒன்பது மணிக்கு மேல்
அங்கே அதற்கு வேலை இருக்காது.