முப்பத்தொன்று

நூறு வெண்குழியம் எண்ணினால்
ஆறுக்குள் நிற்கவேண்டியது
முப்பத்தொன்றில் நிற்கிறது.
மறுபடி எண்ணுகிறேன். முப்பத்தொன்று.
மூக்குக்கண்ணாடி போட்டதுபோல இருமடல் கரு,
சுற்றிலும் செம்மஞ்சள் மணிகள்.

பெயர்: இ. ஜெயறஞ்சினி. வயது முப்பத்து நான்கு.
களை, காலில் கடி.
தொழில் என்ற இடத்தை ஒருவரும் நிரப்பவில்லை.
அவளே சொன்னாள்:
"மிதிவெடி எடுக்கிறன், அம்பகாமத்தில."

சப்பாத்தும் கவசமும் அங்கே.
வீட்டில் கச்சான் தோட்டம், வெறுங்கால்.
மாரி நனைத்த மணலிலிருந்து
கொளுக்கிப்புழுவின் குஞ்சு, மயிரிலும் மெல்லியது,
விரலிடுக்கில் நுழைந்து
இரத்தத்தோடு நெஞ்சுக்கு ஏறி
இருமலில் தொண்டைக்கு வந்து
விழுங்கப்பட்டு
குடலில் பல் பதித்தது.
மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு
மன்னாரால் போனதுபோல.

கிருமியென்றால் ஒரு குழியம் வாய்திறந்து விழுங்கிவிடும்.
இது முழு விலங்கு.
சாரைப்பாம்பின் முன் எறும்பு என்ன செய்யும்?
சொல்லனுப்பும்.
நிணநீர்க் கணுவில் உதவிக் குழியம் கட்டளையிட
பீ-குழியம் தன் எழுத்தை மாற்றுகிறது:
அதே கைகள், வேறு கால்.
ஈ வகைப் பிறபொருளெதிரி.
கை, புழுவின் தோலுக்கு அளவெடுத்தது.
கால், மாஸ்ற் கலத்தில் ஊன்ற.

ஊன்றிவிட்டுக் காத்திருக்கும்.
புழுவின் ஒரு துணுக்கு
பக்கத்துப் பக்கத்துக் கைகள் இரண்டை
ஒன்றாய்த் தொட்டால் வெடிக்கும்.
சளி சுரக்கும், குடல் முறுகும்,
தகட்டில் நான் எண்ணிய செம்மஞ்சள்காரர்
மணி மணியாய் நஞ்சைக் கொட்டுவர்.
புழுவும் சும்மா இல்லை. எச்சிலால் தடவித் தடவிக்
காவலைத் தூங்கவைக்கும். வருடக்கணக்கில் சீவிக்கும்.

இவ்வளவும் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.
கரண்ட் நின்றதால் பேச்சு நீண்டது.
"எத்தனை கிலோவுக்கு வெடிக்கும்?" என்றாள்,
தொழில்காரியாய்.
நிறையில்லை, இரண்டு கை சேரத் தொடுபடவேணும் என்றேன்.
"அப்ப இழுவைக் கம்பி."

கொஞ்சம் பொறுத்து,
"குளிசை போட்டால் பூச்சி போயிடும்.
வைச்சதுகள்?"

நான் படித்தது:
இரத்தத்தில் அது இரண்டொரு நாள்தான் தாங்கும்,
மாஸ்ற் கலத்தில் கால் ஊன்றியது வாரக்கணக்கில்.
என்புமச்சைக்குள் அச்சைப் பத்திரப்படுத்திய குழியமோ
வருடங்கள்.
சிலருக்குப் புழு போனபின்
உமித்தூசிக்கும் மூச்சு இழுக்கத் தொடங்குமாம்,
சிலருக்கு இல்லையாம்.
"வடிவாத் தெரியாது," என்றேன்.

"எங்களுக்குத் தாற வரைபடமும் அரைவாசிதான்," என்றாள்.

கரண்ட் வந்தது. விசிறி முனகியது.
எழுதினேன்: இயோசின்நாடி நூற்றுக்கு முப்பத்தொன்று,
ஈமோகுளோபின் எட்டுத் தசம் இரண்டு,
மலத்தில் கொளுக்கிப்புழு முட்டை.

மருந்து வரிசையில் அவள் நின்றாள்,
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு,
சீமெந்துத் தரையில்
ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்தபடி.