வினையெச்சம்

இங்கே ஓர் ஆறு
கரையும் இல்லாமல் நீரும் இல்லாமல் நிற்கிறது.
இருபது மீட்டர் உயரம், முதுகில் பைன் மரங்கள்,
ஏரிகளுக்கு நடுவே பதினோரு கிலோமீட்டர்
வளைந்து வளைந்து.
கரேலியாவின் தார்ச்சாலை அதன் மேல்தான் போகிறது.

பனிப்பாளத்தின் அடிவயிற்றில் ஒரு குடைவு இருந்தது.
உருகிய நீர் அதற்குள் இறங்கி
இருட்டிலேயே ஓடியது.
மேலே பனியின் பாரம்.
அந்த நெருக்கலில் நீர் மேட்டிலும் ஏறும்.
ஏறியது.
வேகம் தளரத் தளர
பெருங்கல்லை முதலில் கைவிட்டது,
பிறகு கூழாங்கல்லை, பிறகு பருமணலை,
பிறகு விரலிடுக்கில் நிற்காத குறுமணலை.
களியை மட்டும் விடாமல்
ஏரிவரை கொண்டுபோனது.
இரு பக்கமும் பனியே கரை.
கரைகள் உருகிப் போன பிறகு
படுகை தனியாக நின்றது.

தூவி அந்த ஆற்றை விற்கிறாள்.
இருபத்தாறு வருடம் லோடர் இருக்கையில்.
சலித்தது டன் பதினோரு யூரோ,
சலிக்காதது ஏழு.
பாதிச் சலிப்பைத் தண்ணீரே முடித்துவிட்டது,
அதற்குத்தான் யாரும் கூலி கொடுக்கவில்லை என்பாள்.

அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்த அன்று
பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.
அவர்கள் மொழியில் என்ன பொருளோ.
என் மொழியில் அது முடியாத வினை.
தூவி என்று நிறுத்தினால்
எதைத் தூவி, எங்கே தூவி,
தூவிவிட்டு என்ன செய்தாய் என்று
யாராவது கேட்பார்கள்.

தம்பி இல்போவின் வயலில் நீர் ஓடவில்லை.
பனியே நேராகப் படுத்திருந்தது.
பனிக்குச் சலிக்கத் தெரியாது.
மாவையும் பாறையையும் ஒரே மூட்டையாகக் கட்டி
அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போய்விட்டது.
குளிர்காலம்தோறும் உறைபனி நிலத்தை நெம்பும்.
உருளைக்கிழங்கு நடுமுன் அவனுக்குக் கல் அறுவடை.
"போன வருடம் பொறுக்கியதை
இரவில் யாரோ திரும்பப் போடுகிறார்கள்."
ஒரு கல்லை மட்டும் அசைக்க முடியவில்லை.
கன்றுக்குட்டி அளவு,
அந்தப் பக்கத்துப் பாறை எதிலும் இல்லாத சிவப்பு.
இரண்டு கலப்பைகளை உடைத்தது.
அதற்கு அவன் வைத்த பெயரைத்
தூவி என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள்.

இல்போ மார்ச் மாதம் இறந்தான்.

கல்லறைகளும் அந்த மேட்டில்தான்.
வேறெங்கும் மண்வெட்டி இறங்காது,
இறங்கினால் நீர் ஊறும்.
ஒரு முனையில் தோண்டி விற்கிறார்கள்,
மறுமுனையில் தோண்டி மூடுகிறார்கள்.
உறைந்த மேல்தோலை உடைத்ததும்
கீழே மஞ்சள் மணல்,
நீர் போன திசைக்குச் சரிந்த கோடுகள்.
தூவி குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.
போதகருக்கு அது துக்கமாகத் தெரிந்திருக்கும்.
"எட்டு மில்லி. அதற்குக் கீழே நான்கு" என்றாள் என்னிடம்,
அடுக்கை வாசித்து.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஒரு கல்கூட இல்லை.
பாவி, கடைசியில் நல்ல நிலம் பிடித்துவிட்டான்."

மே மாதம் மண் இளகியதும்
லோடரைத் தம்பி வயலுக்கு ஓட்டினாள்.
களி விடவில்லை.
மூன்றாம் நெம்பலில் சப்பென்று ஒரு சத்தம்,
கல் இருந்த இடத்தில் உடனே தண்ணீர்.
வடமேற்கே எங்கோ பெயர்த்து
பனி அத்தனை தூரம் சுமந்து வந்து
இந்த வயலில் களைத்துப் போட்டது அது.
மீதி நான்கு கிலோமீட்டரை அவள் சுமந்தாள்,
இரண்டாம் கியரில்,
பின்னால் ஒரு பால்வண்டி
ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வர.

கல்லில் எதுவும் வெட்டச் சொல்லவில்லை.
கரண்டியைத் தட்டினாள்.
ஒட்டியிருந்த களி, சரளை, போன வருடத்துக் கிழங்கு ஒன்று,
எல்லாம் மணல்மேல் விழுந்தன.

சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள்.
சுமை ஒன்று. சலிக்காதது.
எடை போடவில்லை.
விலைக் கட்டத்தில் ஒரு கோடு.
கீழே கையெழுத்து:
தூவி