பத்தொன்பது மணி நேரம்

மூலக்கொத்தளத்து மண்டப வாசலில்
இரண்டு நாள் குலையோடு நின்ற வாழை
மூன்றாம் நாள் தேசிங்கின் மீன்பாடி வண்டியில்
மணலிக்கு வந்தது.
குலையை இரவே யாரோ அறுத்துக்கொண்டார்கள்.
சீரியல் செட் வயர் ஒரு முழம் மட்டும் தண்டில் மிச்சம்.

மட்டை மட்டையாக உரித்து
மழுங்கிய கத்தியால் வழித்தேன்.
வந்தது நாரும் நாரைப் பிடித்திருக்கும் பழுப்பும்.
நோட்டில் லிக்னின் என்று எழுதுவேன்,
தேசிங்கு கேட்டால் கோந்து.

ஐந்து சதவீதக் காஸ்டிக்.
வில்லைகள் தண்ணீரில் விழுந்ததும்
அடுப்பில்லாமலே பீக்கர் சுடும்.
நான்கு மணி நேரம், அதற்குமேல் கூடாது.
கோந்தைத் தின்று முடித்த காரம்
நாரைத் தின்னத் தொடங்கும்.
எது எங்கே முடிகிறதென்று
அதற்குத் தெரியாது.

ஒன்றரைக்குப் போட்டேன்.
மூன்றேகாலுக்குச் சைரன்.
துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம்.
எந்தக் கம்பெனி, என்ன வாயு,
கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ச்மேன்
வீட்டுக்குப் போகச் சொன்னார்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் நகராமல் நின்ற நேரம் முழுக்க
எரியும் கண்ணை மூடி
மணியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்:
ஐந்து. ஐந்தரை.

காலையில் திரவம் டீ நிறத்தில்.
உள்ளே நார்,
அத்தனை வெள்ளையை நான் பார்த்ததில்லை.
லிட்மஸ் நீலமாவது நிற்கும்வரை
வினிகர்த் தண்ணீரில் அலசி
உலர்த்தினேன்.

தாளில் ஒரு ஜன்னல் வெட்டி
நடுவே ஒற்றை நாரை ஒட்டுவோம்.
இயந்திரம் இரு முனையையும் கவ்வியபின்
ஜன்னலின் இரு ஓரத்தையும் கத்தரிக்க வேண்டும்.
அதுவரை பளு தாளுக்கு.
அதன்பின் நாருக்கு மட்டும்.

கத்தரியைக் கீழே வைப்பதற்குள் அறுந்தது.
பத்து நாரும் அப்படித்தான்.
காரமே காணாத பழுப்பு நார்
இதைப்போல மூன்று மடங்கு தாங்கியது.

ஊறிய நேரம்: பத்தொன்பது மணி.
காரணம்: சைரன், என்று எழுதினேன்.
தணிகாசலம் சார் அடித்துவிட்டு எழுதினார்:
ஊழியர் கவனக்குறைவு.
பச்சை மை. கீழே தேதி.

அன்று கேட்டருகே நின்ற முப்பது பேரில்
யார் எத்தனை மணி நேரம் ஊறினோம்,
எந்த நோட்டிலும் அதற்குப் பத்தி இல்லை.

அடுத்த தண்டை இறக்க வந்த தேசிங்கு
குப்பைக் கூடையில் கண்டான்.
"இன்னாமே இது, பட்டு கணக்கா கீது?"
எதையும் கட்டாதே அண்ணே, அறுந்துடும்.
ஒரு பிடி எடுத்து
கைலி மடிப்பில் சொருகிக்கொண்டு
இருமினான். இருமி முடித்து,
"கட்றதுக்கா எட்த்தேன்," என்றான்.